ரெண்டு தட்டு

மார்ச் 3

தம்பிக்கு,

நலமா என்று கேட்டால் “நாலு வருஷமா கேக்காத நலம் இப்ப எதுக்கு?” என்பாய். அதனால் கேட்கவில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

அம்மாவுக்கு வலது காது போனது உனக்குத் தெரியும். இப்போது இடது காதுக்குள், கேட்கும் நரம்பின் மேல் ஒரு கட்டி. கெட்ட ரகக் கட்டி இல்லை, பயப்படாதே. ஆனால் விட்டுவைக்கக் கூடாதாம். ஏப்ரல் 28-ஆம் தேதி அறுவை சிகிச்சை. டாக்டர் மழுப்பாமல் சொல்லிவிட்டார்: “கட்டிய எடுத்துடலாம்மா. ஆனா அதோட சேர்ந்து கேக்கறதும் போயிடும்.” அதற்குப் பிறகு அம்மாவுக்கு எந்தச் சத்தமும் கேட்காது.

நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். அம்மா என்ன செய்தாள் தெரியுமா? மருந்துச் சீட்டைத் திருப்பிப் போட்டு, காது போவதற்குள் கேட்க வேண்டியவை என்று பட்டியல் எழுத ஆரம்பித்துவிட்டாள். மழை. தையல் மெஷின். பக்கத்து வீட்டுக் குழந்தை சிரிப்பு. உன் அத்தானின் குறட்டை என்று எழுதி, “இது வேணாம், முப்பது வருஷத்துக்குப் போதுமான அளவு கேட்டாச்சு” என்று அடித்துவிட்டாள். கடைசி வரியில் “எங்க பேண்ட்” என்று மட்டும் இருந்தது.

அந்த வரிதான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது. கல்யாணத்துக்கு முன்னால் அம்மா ஹோட்டல் ஜாஸ் பேண்டில் பியானோ வாசித்தாள், அப்பா அதே பேண்டில் டிரம்ஸ் அடித்தார் என்பது நமக்குக் கேட்டுக் கேட்டுப் புளித்த கதை. ஆனால் கதையைத்தான் கேட்டிருக்கிறோம், வாசிப்பைக் கேட்டதில்லை. அந்த பேண்ட் வெளியிட்ட ஒரே ரெக்கார்டை நீ எட்டு வருஷம் தேடிப் பிடித்து என் வீட்டுக்குக் கொண்டுவந்தாய். நான் துடைத்தேன். கண்ணாடிக் கடை வைத்திருப்பவளுக்குத் தூசியைக் கண்டால் கை சும்மா இருக்குமா? லென்ஸ் துடைக்கிற ஸ்பிரிட்டால் பளிச்சென்று துடைத்தேன். அரக்கில் செய்த ரெக்கார்டு ஸ்பிரிட் பட்டால் கரையும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? அம்மா ஒரு நிமிஷம்கூடக் கேட்கவில்லை. அது என் தப்புதான். நாலு வருஷம் கழித்து ஒப்புக்கொள்கிறேன், போதுமா?

இன்னொரு பிரதி எங்கேயாவது கிடைக்குமா? உன் வீட்டில் ஆயிரம் ரெக்கார்டு இருக்கிறதே, அதில் ஒன்றிலாவது அம்மா இல்லையா?

அக்கா

---

மார்ச் 9

அக்காவுக்கு,

உன்னோடு பேசமாட்டேன் என்றுதான் சொன்னேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. ஆகவே இந்தக் கடிதத்தால் என் சபதத்துக்கு ஒரு குறையும் வரவில்லை என்பதை முதலில் குறித்துக்கொள்.

இன்னொரு பிரதி கிடையாது. எனக்குத் தெரிந்த ஐந்து பேரிடமும் கேட்டுவிட்டேன். நாங்கள் ஐந்து பேரும் ஒருவருடைய அலமாரியை இன்னொருவர் மனப்பாடமாக ஒப்பிப்போம். அது எங்கேயும் இல்லை.

ஸ்பிரிட்டைப் பற்றி எழுதியிருக்கிறாய். சரி. ஆனால் நான் நாலு வருஷம் உன் வாசல்படி மிதிக்காதது அதற்காக என்றா நினைத்தாய்? ரெக்கார்டு கரைந்தது என்று நான் கத்தினேன். நீ பதிலுக்கு என்ன சொன்னாய்? “கொண்டுவந்த உடனே போட்டிருந்தா நான் ஏன் துடைக்கப் போறேன்? அப்பா மாதிரியே நீயும் ரெண்டு தட்டு முழுங்குற ஆளு.” உனக்கு நினைவிருக்காது. சொன்னவர்களுக்கு எப்போதுமே நினைவிருக்காது.

ரேடியோவில் நேரடியாகப் போன கச்சேரியில் அப்பா டிரம்ஸில் ரெண்டு தட்டை அடிக்காமல் முழுங்கிவிட்டார், பேண்ட் மொத்தமும் கவிழ்ந்தது, பேண்ட் மாஸ்டர் அன்றைக்கே அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு முப்பது வருஷம் பெயிண்ட் கடையில் டின் மூடியைத் தவிர அவர் எதன்மேலும் தாளம் போடவில்லை. நம் வீட்டில் உப்பு மறந்தால் “ரெண்டு தட்டு”. பஸ்ஸை விட்டால் “ரெண்டு தட்டு”. என் பரீட்சை மார்க்கு குறைந்தால் “ரெண்டு தட்டு முழுங்கிட்டியா?” எல்லோரோடும் சேர்ந்து அப்பாவும் சிரிப்பார். சிரித்தார் என்பதற்காக அவருக்கு வலிக்கவில்லை என்று அர்த்தமா? அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. இன்னும் என்னால் அந்த வார்த்தையைக் கேட்க முடியவில்லை.

அம்மாவின் பட்டியலில் மற்றதையெல்லாம் நீ பார்த்துக்கொள். கடைசி வரியை என்னிடம் விடு.

தம்பி

---

மார்ச் 24

அக்கா! அக்கா! அக்கா!

உட்கார்ந்துகொண்டு படி. எழுத்து கோணினால் உன் கடையிலேயே நல்ல கண்ணாடியாக எடுத்துப் போட்டுக்கொள்.

பழைய ரேடியோ நிலையத்து லிஃப்ட் நின்றுவிட்டது என்று எங்கள் கம்பெனிக்குப் போன் வந்தது. என் முறை இல்லை. ஆனாலும் “நான் போறேன், நான் போறேன்” என்று சண்டை போட்டு வாங்கிக்கொண்டு போனேன். மேலே இயந்திர அறைக்குப் போகிற வழியில் ஒரு கிடங்கு, கதவு திறந்து கிடக்கிறது. உள்ளே ரெக்கார்டு அக்கா! சுவர் முழுக்க! ஒவ்வொன்றும் பதினாறு அங்குலம். சாதாரண ரெக்கார்டு இதன் மடியில் உட்காரும், அவ்வளவு பெரிது. கடைக்கு வருகிற ரகம் இல்லை. நிலையத்துக்காரர்கள் தங்களுக்கென்று அலுமினியத்தின் மேல் கறுப்புப் பூச்சுப் போட்டு வெட்டி வைத்துக்கொண்டது. டேப் வருவதற்கு முன்னால் எல்லாம் இதில்தான் பதிந்திருக்கிறார்கள்.

கிடங்குக்காரம்மா எட்டிப் பார்த்து, “அதெல்லாம் அடுத்த வாரம் எடைக்குப் போகுது சார், கையில தூசி ஒட்டும்” என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. லிஃப்டாவது மண்ணாவது என்று மூன்று மணி நேரம் ஒவ்வொரு உறையாகப் புரட்டினேன். இருநூற்றுச் சொச்சமாவது உறையில், பென்சிலில், “ஹோட்டல் நடன பேண்ட், சனி மாலை, நேரடி ஒலிபரப்பு.” கீழே தேதி. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தத் தேதியை நான் உனக்கு எழுதப் போவதில்லை. நீ அம்மாவிடம், “அப்பா ரெண்டு தட்டு முழுங்கின கச்சேரி என்னைக்கு?” என்று கேட்டு எழுது. அது இதுதானா என்று பார்ப்போம்.

அந்த ஒன்றை மட்டும் எனக்குத் தரும்படி மனு எழுதிக் கொடுத்தேன். அதிகாரி ஐந்தாம் மாடியில் மாட்டிக்கொண்டிருந்தார். முட்டிவலிக்காரர். மனுவில் கையெழுத்து விழுந்தது, லிஃப்ட் ஓடியது. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை.

ரெக்கார்டு இப்போது என் கட்டிலில் படுத்திருக்கிறது. நான் தரையில் படுக்கிறேன்.

தம்பி

---

மார்ச் 28

தம்பி,

உன் கடிதத்தைக் கடையில் பிரித்தேன். படித்துவிட்டு வந்தவருக்குத் தூரக் கண்ணாடிக்குப் பதில் கிட்டக் கண்ணாடியைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். பாவம், வாசலில் தூணோடு பேசிக்கொண்டிருந்தார்.

அம்மாவிடம் சிலேட்டில் எழுதிக் கேட்டேன். இப்போதெல்லாம் காதுக்குள் கத்தினால்தான் பாதியாவது கேட்கிறது, அதனால் சிலேட்டுப் பழக்கத்தை ஆரம்பித்துவிட்டோம். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “ஆகஸ்ட் பதினாலு. சனிக்கிழமை. சாயங்காலம் ஆறரை மணி. நான் நீலத்துல வெள்ளைப் புள்ளி போட்ட கவுன்” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். தேதி சரியா? சரியா இல்லையா? இதற்கு உடனே பதில் எழுதாவிட்டால் நான் ரயிலேறி வந்து உதைப்பேன்.

விஷயத்தைச் சொன்னதும் அவள் போட்ட ஆட்டத்தை நீ பார்த்திருக்க வேண்டும். சாப்பாட்டு மேஜையைப் பியானோவாக்கிக்கொண்டு விளக்கம் வேறு: “மூணாவது பாட்டு. டிரம்ஸ் தனியா எட்டு சுத்து அடிக்கும். எல்லாரும் கைய கட்டிக்கிட்டு நிப்பாங்க. எட்டு முடிஞ்சதும் நான் உள்ள வரணும், என்னோட மத்தவங்களும் வரணும். அங்கதான் உங்கப்பா ரெண்டு தட்டு முழுங்குனாரு. நான் வரேன், பேண்டக் காணோம்! போட்டுக் கேளுங்க, அந்த மனுஷன் வண்டவாளம் தெரியும்!” சொல்லிவிட்டுச் சிரிக்கிறாள், கண்ணில் தண்ணீர். எனக்கும்தான்.

தினமும் காலையில் எழுந்ததும் டம்ளரில் கரண்டியால் தட்டிப் பார்க்கிறாள். கேட்டால் “இன்னைக்கும் இருக்கு” என்று எனக்கு அறிவிப்பாள். நேற்று மூன்று தடவை தட்ட வேண்டியிருந்தது. சீக்கிரம்டா.

ஸ்பிரிட் பாட்டிலைக் கடை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை உன் அத்தானிடம் கொடுத்துவிட்டேன்.

அந்த வார்த்தை எனக்கு நினைவிருக்கிறது. சொன்ன மறு நொடியிலிருந்தே நினைவிருக்கிறது. அதைப் பற்றி இன்னும் எழுத வரவில்லை.

அக்கா

---

ஏப்ரல் 5

அக்கா,

தேதி சரி. ஆகஸ்ட் பதினாலேதான். ஆனால் நீ ரயிலேற வேண்டாம். எல்லாம் போச்சு.

இவ்வளவு பெரிய ரெக்கார்டு சுற்றுகிற மெஷின் என்னிடம் இல்லை. எங்கள் பட்டறையில் கெஞ்சிக் கூத்தாடி, லிஃப்ட் கதவுக்குப் போடுகிற சின்ன மோட்டாரை எடுத்து, பெரிய சுழல்மேடை ஒன்றும் நீளக் கை ஒன்றும் செய்தேன். பத்து நாள் வேலை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு, நேற்று குளித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, ரெக்கார்டின் வெளி ஓரத்தில் ஊசியை வைத்தேன்.

ஓட்டுக் கூரையில் மழை பெய்கிற மாதிரி ஒரு இரைச்சல். இரண்டு விநாடி. அவ்வளவுதான். ஊசி வழுக்கிக்கொண்டு ரெக்கார்டை விட்டே வெளியே போய்விட்டது. மறுபடி வைத்தேன். அதே இரைச்சல், அதே வழுக்கல். மூன்றாவது தடவை கைதட்டல் மாதிரிகூட இருந்தது. என் ஆசைக்கு அப்படிக் கேட்டிருக்கும். அதற்கு மேல் வைக்க எனக்குத் தைரியம் இல்லை. இந்தப் பூச்சு ஒவ்வொரு தடவை ஊசி படும்போதும் தேயும். கிடங்கில் கிடந்து பள்ளமெல்லாம் அழிந்திருக்கிறது, ஊசிக்குப் பிடிமானமே இல்லை. நடுவிலிருக்கிற லேபிளும் பாதி கிழிந்திருக்கிறது.

ரெக்கார்டை உறையில் போட்டு அலமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டேன். பார்க்கப் பிடிக்கவில்லை. அம்மாவிடம் நீயே எப்படியாவது சொல்லிவிடு. எனக்கு நாக்கு எழாது. இன்னும் இருபத்து மூன்று நாள்தான் இருக்கிறது, நான் இப்படி வெறுங்கையோடு நிற்கிறேன்.

தம்பி

---

ஏப்ரல் 8

டேய் மடையா,

கைதட்டலா? முதல் இரண்டு விநாடியில் கைதட்டலா?

உன் கடிதத்தை அப்படியே அம்மாவிடம் படிக்கக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள். “வாசிக்கறதுக்கு முன்னாடியே எவன் கைதட்டுவான்? முடிஞ்சப்புறம்தான தட்டுவான்? இவன் கடைசில ஊசிய வச்சுருக்கான்” என்றாள். எனக்குப் பொறி தட்டியது. உன் ரெக்கார்டு மற்றதைப் போல ஓரத்தில் ஆரம்பிக்காமல், உள்ளேயிருந்து வெளியே ஓடுகிற ரெக்கார்டாக இருந்தால்? ஊசி வழுக்கவில்லையடா, ஓடி முடிந்து வெளியே போயிருக்கிறது!

நடுவில் ஊசி வைத்துப் பார்த்தாயா? வைத்திருக்கமாட்டாய். சின்ன வயதில் நான் பாட்டின் நடுவில் ஊசியை இறக்கியதற்கு மூன்று நாள் என்னோடு சண்டை போட்டவன் நீ. உங்கள் ரெக்கார்டுக் கூட்டத்துக்கே அது மகாபாவம் ஆயிற்றே.

இந்தக் கடிதத்தோடு ஒரு பூதக்கண்ணாடி அனுப்பியிருக்கிறேன். லென்ஸில் கீறல் பார்க்க நான் வைத்திருப்பது. லேபிளுக்குப் பக்கத்தில் பார். பள்ளம் அங்கே ஆரம்பித்தால் ஒற்றைக் கோடாக வெறும் இடத்திலிருந்து வந்து சேரும். பார்த்துவிட்டு ஊசியை அங்கே வை. கடிதம் பிறகு எழுதலாம். முதலில் வை!

அக்கா

---

ஏப்ரல் 11

அக்கா,

ஓடுகிறது!!

பூதக்கண்ணாடியில் பார்த்தேன். லேபிளை ஒட்டி, வெறும் கறுப்பிலிருந்து ஒரே ஒரு கோடு, பூனை மீசை மாதிரி, வளைந்து வந்து சேர்கிறது. கடவுளே என்று கண்ணை மூடிக்கொண்டு ஊசியை இறக்கினேன். ஒரு அறிவிப்பாளர் தொண்டையைச் செருமினார். அப்புறம் டிரம்பெட் வந்தது, நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். முதல் ஓட்டத்திலேயே கேசட்டில் பிடித்துவிட்டேன். அதற்குப் பிறகு ரெக்கார்டைத் தொடவில்லை. கேசட்டைத்தான் நாற்பது தடவை கேட்டிருப்பேன்.

நம் அம்மா இருக்கிறாளே, அவள் ஒரு ராட்சசி! நீயும் நானும் பார்த்த அம்மா டைப்ரைட்டரில் கடிதம் அடித்தவள். இவள் வேறு ஆள். இடது கை சும்மா நடந்துகொண்டிருக்கும், வலது கை போகிற போக்கில் எல்லோரையும் கிள்ளிவிட்டு ஓடும். கூடத்தில் யாரோ “ஹே!” என்று கத்துகிறான். முதல் பாட்டு முடிந்ததும் நான் தனியாக நின்று கைதட்டினேன், பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி “என்ன சார், விசேஷமா?” என்று கேட்டார். “எங்கம்மாவுக்கு இருபத்திரண்டு வயசு சார்” என்றேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

அப்பாவும் இருக்கிறார். அதைத்தான் இப்போது எழுத வேண்டும். நிதானமாகப் படி.

மூன்றாவது பாட்டு. டிரம்ஸ் தனியாக எட்டு சுற்று, சுற்றுக்கு நாலாக முப்பத்திரண்டு தட்டு. நான் விரல் விட்டு எண்ணினேன், பென்சிலால் கோடு போட்டு எண்ணினேன், பட்டறையில் இன்னொருத்தனை உட்காரவைத்தும் எண்ணினேன். அப்பா முப்பது அடிக்கிறார். மிச்சம் ரெண்டு இல்லை. அதுவரை அம்மா சொன்னது சரி.

ஆனால் முதலில் உள்ளே வருவது பியானோ. முப்பது முடிந்ததும், ரெண்டு தட்டு பாக்கி இருக்கும்போதே, அம்மா வந்துவிடுகிறாள். எட்டு சுற்று முடிவில் அப்பா அடிக்கிற சிம்பல் அதற்கு ஒரு மயிரிழை பின்னால்தான் விழுகிறது. தானாக எண்ணிக்கை தவறினவன் சிம்பலை அவளுக்குக் காத்திராமல் முன்னாலேயே அடித்திருப்பான். அவள் வந்ததைக் கேட்டுவிட்டு, அந்தக் கணத்திலேயே தன் ரெண்டு தட்டை விட்டுவிட்டு அவளோடு சேர்ந்துகொள்கிறார். மற்றவர்கள் எண்ணிக்கைப்படி வந்து மோதுகிறார்கள். நாலு சுற்றுக்கு ஒரே சந்தைக்கடை. அந்த அமளியில் அம்மாவுக்குத் துணையாக ஒரே ஒரு வாத்தியம் நிற்கிறது. அது டிரம்ஸ். அப்புறம் கிளாரினெட்காரர் தாவி வந்து சேர்கிறார், எல்லோரும் சேர்கிறார்கள்.

முந்தினது அம்மா. அப்பா முழுங்கவில்லை அக்கா, கொடுத்துவிட்டார். வேலை போகும் என்று தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. பிறகு அவளையே கட்டிக்கொண்டு, சாகிறவரைக்கும் “ரெண்டு தட்டு, ரெண்டு தட்டு” என்று நாம் கிண்டல் செய்தபோதெல்லாம் சேர்ந்து சிரித்தார்.

எனக்கு இப்போது அழுகை வருகிறது, சந்தோஷத்திலா வேறு எதிலா என்று தெரியவில்லை. மீதியை நாளைக்கு எழுதலாம் என்றால் அதுவும் முடியவில்லை. தபாலில் போட்டுவிடுகிறேன்.

தம்பி

---

ஏப்ரல் 15

தம்பி,

உன் கடிதத்தை ஒளித்துவைத்திருக்கிறேன். ரெக்கார்டு ஓடுகிறது என்பதை மட்டும் சிலேட்டில் எழுதினேன். அம்மா சிலேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தாள். அவ்வளவு சந்தோஷம்.

நான் சொல்வதைக் கோபப்படாமல் கேள். அந்த இடத்தை எடுத்துவிட முடியாதா? ஒரு கேசட்டிலிருந்து இன்னொரு கேசட்டுக்கு மாற்றும்போது மூன்றாவது பாட்டில் அந்தக் கொஞ்சத்தை மட்டும் தாண்டிவிட்டால் போதும். டம்ளர் சத்தம் நேற்றிலிருந்து கேட்கவில்லை. கரண்டியை விட்டுவிட்டுப் பித்தளைக் குடத்துக்கு மாறியிருக்கிறாள். இன்னும் பதிமூன்று நாள்தான் கேட்கப்போகிற காதில் இதைப் போய் ஊற்ற வேண்டுமா? “அந்த மனுஷன் வண்டவாளம் தெரியும்” என்று அவள் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். அதைக் கேட்டு உடைந்துபோனால் நான் என்ன செய்வேன்? அவரிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்றால் மனுஷன் இருக்கிறாரா?

உனக்கு அப்பாவின் பெயர் திரும்பி வர வேண்டும். எனக்குப் புரியாமல் இல்லை. அவர் பெயரை வைத்து உன்னை அடித்தவளே நான்தான். ஸ்பிரிட்டுக்கு மன்னிப்புக் கேட்பது சுலபமாக இருந்தது. இதற்கு எப்படிக் கேட்பது என்று தெரியாமல்தான் நாலு வருஷம் ஓடிவிட்டது. அப்பா என்னை மன்னிக்க வேண்டும். நீயும் மன்னிக்க வேண்டும். ஆனால் அம்மாவை விட்டுவிடலாமே.

அக்கா

---

ஏப்ரல் 18

அக்கா,

நீ சொன்னபடி தாண்டிப் பதிந்து பார்த்தேன். ஒட்டு தெரியவே இல்லை, அவ்வளவு சுத்தம். இரண்டு தடவை கேட்டேன்.

அதில் அப்பா இல்லை. டிரம்ஸ் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் அடித்திருக்கலாம். அவர் யார் என்று தெரிகிற இடம் அந்த ஒன்றுதான். அம்மா முப்பத்திரண்டு வருஷம் யாரோடு குடித்தனம் நடத்தினாள் என்று அவளுக்குத் தெரியாமலே காது மூட வேண்டுமா?

அந்த கேசட்டை அழித்துவிட்டேன். 24-ஆம் தேதி காலை ரயிலில் வருகிறேன். மெஷின், ஆம்ப்ளிஃபயர், கனமான ஹெட்போன், எல்லாம் கொண்டுவருகிறேன். ரெக்கார்டையே நேரடியாகப் போடப்போகிறேன். அதில் எதையும் தாண்ட முடியாது. உனக்குச் சம்மதம் இல்லையென்றால் வாசலிலேயே சொல், அப்படியே திரும்பிவிடுகிறேன். உன்மேல் கோபப்படமாட்டேன். கோபப்பட்டு நாலு வருஷம் என்ன கண்டேன்?

தம்பி

---

மே 1

அக்கா,

வந்து சேர்ந்தேன். மூன்று லிஃப்ட் நின்று கிடக்கிறது. என்னை விட்டால் நாதியில்லை என்கிறார்கள்.

வாசலில் நீ ஒன்றுமே சொல்லவில்லை. மெஷினின் ஒரு பக்கத்தைத் தூக்கிப் பிடித்தாய், உள்ளே போனோம். நாலு வருஷ மௌனத்துக்குப் பிறகு நான் உன்னிடம் பேசிய முதல் வார்த்தை “ஸ்பிரிட் எங்க?” என்பதை அத்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார், தெரியும்.

அறுவை சிகிச்சை முடிந்து கண் திறந்து, தலையெல்லாம் கட்டோடு நம்மைப் பார்த்து அம்மா சிரித்தாளே, அதை நினைத்துக்கொண்டேதான் ரயிலில் வந்தேன். கூடவே இன்னொன்றும் குடைந்தது. அறுவைக்கு முன்னால், வீட்டில், ஹெட்போனை இடது காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நாலு தடவை கேட்டாள். முதல் பாட்டுக்கு ஆடினாள், இரண்டாவதற்குச் சிரித்தாள். மூன்றாவதில் அந்த இடம் வந்தபோது நான் அவள் முகத்தைத்தான் பார்த்தேன். ஒன்றும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டாள், அவ்வளவுதான். முடிந்ததும் “பியானோவுல சுருதி எறங்கியிருக்கு, அன்னைக்கே சொன்னேன், எவன் கேட்டான்?” என்றாள். அதோடு சரி.

அவளுக்குக் கேட்டதா இல்லையா? கேட்டும் புரியவில்லையா? நான்தான் பெரிய இவனாட்டம் ரெக்கார்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தேன். உனக்கு என்ன தோன்றுகிறது? எழுது.

தம்பி

---

மே 5

தம்பி,

நேற்று அம்மாவைப் பொது வார்டுக்கு மாற்றினார்கள். கஞ்சி குடித்தாள். பிறகு சிலேட்டைக் கேட்டாள். அவள் பேசலாமே, நாம்தான் எழுத வேண்டும் என்று நான் சைகை காட்டியதும், “ஆமால்ல!” என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். தன் குரலே தனக்குக் கேட்காததால் எல்லாவற்றையும் கச்சேரி மாதிரிதான் சொல்கிறாள்.

“தம்பி என் மூஞ்சிய மூஞ்சியப் பார்த்துக்கிட்டிருந்தான் பாவம், நான்தான் ஒண்ணும் சொல்லல” என்றாள். “முத தடவையே கேட்டுச்சு. நாலு தடவ போடச் சொன்னது சந்தேகத்துல இல்ல. அந்த மனுஷன் அந்த இடத்துல எனக்காக வந்து நிக்கறாரு பாரு, அதை இன்னொரு தடவ கேக்கலாம்னு.”

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் நிறுத்தவில்லை. “அன்னைக்கே எனக்கு ஒரு சந்தேகம் இருந்துச்சுடி. மேடைய விட்டு எறங்கினதும் கேட்டேன், நான் முந்திட்டேனான்னு. ‘சேச்சே, நான்தான் ரெண்டு தட்டு முழுங்கிட்டேன்’னாரு. நம்பறதுக்கு வசதியா இருந்துச்சு, நம்பிட்டேன். அப்புறம் சொல்லிச் சொல்லி அதுவே நெசமாயிடுச்சு. திருட்டு மனுஷன், ஒரு சண்டையிலயாவது சொல்லியிருக்கலாம்ல?” என்றாள். அழுதாள். நன்றாக அழுதாள். உடைந்துபோவாள் என்று நான் பயந்தேனே, அது இல்லை. புதுப்பெண் மாதிரி இருந்தது முகம்.

கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். என்னிடம் “பார்த்துக்கிட்டே இரு” என்றாள். கட்டிலின் இரும்புச் சட்டத்தில் ஆள்காட்டி விரல்களால் தட்ட ஆரம்பித்தாள். அப்பா பெயிண்ட் டின் மூடியில் போடுவாரே, அந்த அடி. எனக்கு அது இத்தனை வருஷம் வெறும் டின் சத்தம். அப்போதுதான் தெரிந்தது, அவர் முப்பது வருஷமாக அந்த எட்டு சுற்றைத்தான் அடித்துக்கொண்டிருந்திருக்கிறார். அம்மாவின் காதில் ஒன்றுமே விழாது, உதடு மட்டும் எண்ணுகிறது. நானும் கூடவே எண்ணினேன். இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது. முப்பத்தொன்று அடித்தாள். முப்பத்திரண்டு அடித்தாள். அதற்குப் பிறகுதான் இரண்டு கையும் சட்டத்தை விட்டுப் போர்வைமேல் பியானோவாக இறங்கியது.

நாலு சுற்று வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள். “இப்ப சரியா வந்தேனா?” என்று வார்டு அதிரக் கேட்டாள். நர்ஸ் ஓடி வந்துவிட்டார்.

சிலேட்டை ஓரமாக வைத்தேன். அவளுக்குத் தெரியும்படி இரண்டு கையையும் அவள் முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்துக் கைதட்டினேன். எதிர்க்கட்டில் அம்மாள் ஏன் எதற்கு என்று தெரியாமலே தட்டினார், பிறகு நர்ஸும் தட்டினார்.

அக்கா